அடுத்த அட்டையில் விழுந்த பத்து

நான் பஸ் கண்டக்டர். ஐயப்பன்தாங்கல் டிப்போவில் காலையில் வண்டி ஏறி, ஊரைச் சுற்றி, அதே டிப்போவில் வந்து இறங்குகிற பிழைப்பு. கதை எழுத எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பஸ்ஸில் ஜனங்கள் பேசுவதைக் கேட்டு வந்து வீட்டில் மனைவியிடம் சொல்வேன். அவள் எதற்குச் சிரிக்கிறாளோ அதை எழுதி வைப்பேன். அப்படியே வளர்ந்த பழக்கம் இது. பூந்தமல்லியில் ஏறும் பூக்கார அம்மா ஒருநாள் என்னைப் பார்த்து, "இன்னா கண்டக்டரே, மூஞ்சி இன்னிக்கு தேச்சி கவுத்த பாத்திரம் மாதிரி கீது" என்றார். அந்த மாதிரி ஒரு வரி என் கையிலிருந்து இன்றுவரை வந்ததில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி. கதைகளை வாங்கி, நல்ல குரல் உள்ளவர்களை வைத்துப் படிக்கவைத்து, பின்னால் இசை சேர்த்து, போனில் கேட்கிற மாதிரி வெளியிடுகிறார்கள். என்னுடைய கதைகளும் சில வந்திருந்தன. அங்கே கதை பார்க்கிற தம்பி ஒருநாள் மத்தியானம் போன் செய்தார்.

"சார், இப்ப டைம் லூப் கதைதான் சார் ஓடுது. ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும். அது ஹீரோவுக்கு மட்டும்தான் தெரியும். கடைசில ஏதோ ஒண்ணை சரியா பண்ணுவான், லூப் உடைஞ்சிடும். மறுநாள் விடியும். அவ்ளோதான் சார். ஒண்ணு எழுதுங்களேன்."

ஒரே நாள் திரும்பத் திரும்ப வருவதைப் போய் ஒரு கண்டக்டருக்கு விளக்குகிறாரே என்று எனக்குச் சிரிப்பு. எந்த ஸ்டாப்பில் யார் ஓடிவருவார், யார் படியில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டார், எல்லாம் எனக்கு மனப்பாடம். எங்கள் டிரைவரிடம் இதைச் சொன்னேன்.

"மாமே, நம்ம லூப்பு எப்போ ஒடையும்?"

"நான் ரிட்டயர் ஆவற அன்னிக்கு என்னுது ஒடையும். உன்னுது ஒடையாது. நீ அப்பவும் யாரனா பேசறத கேட்டுகினு நிப்ப" என்றார் அவர்.

போனை வைக்கும்முன் தம்பி இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஹீரோவுக்கு ஒரு திறமை இருக்க வேண்டுமாம். கொஞ்சம் பிசகினாலும் எல்லாம் போய்விடுகிற மாதிரியான திறமை. கேட்டதுமே எனக்கு என் மனைவி ஞாபகம் வந்துவிட்டாள்.

என் மனைவி துப்பாக்கி சுட்டவள். கோவில்பதாகைப் பெண். அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்தவள் ரைஃபிளைப் பிடித்தாள். பிறகு ரைஃபிள் அவளை விடவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசாங்க வேலைக்கு ஆள் எடுத்தபோது, தேர்வுப் போட்டியில் கடைசிவரை முதலில் இருந்தவள் இவள்தான். ஒரே ஒரு குண்டில் எல்லாம் போய்விட்டது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதுவும் அவள் சொல்லித் தெரிந்ததல்ல. பெண் பார்க்கப் போன அன்று என் மாமியார் காபியை நீட்டிக்கொண்டே சொன்னது.

"அன்னிக்கு மட்டும் கை நடுங்காம இருந்திருந்தா இவ ரேஞ்சே வேற, தம்பி. உங்களுக்கெல்லாம் காபி ஆத்திகினு நிப்பாளா?"

எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும்தான். அவளும் சிரித்த மாதிரித்தான் இருந்தது.

அதற்குப் பிறகு இத்தனை வருடங்களாக எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்த நடுக்கம் எங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். அவள் கை பட்டு ஒரு டம்ளர் உருண்டால், "அதான் அப்பவே தெரியுமே" என்று ஒரு குரல் வரும். மச்சினன் மகனின் பிறந்தநாளுக்குப் போனால், "டேய், அக்கா கைல கத்திய குடுக்காதீங்கடா, கேக்கு தப்பிச்சிடும்" என்பான் மச்சினன். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. பாசமுள்ள குடும்பம். பாசமுள்ளவர்கள் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்கள்.

ஆக, கதையை எழுதினேன். குறி தவறாத ஒரு போலீஸ்காரர். முக்கியமான போட்டி. கடைசிக் குண்டில் கை நடுங்குகிறது, குறி தவறுகிறது. மறுநாள் எழுந்தால் அதே நாள். டீயை நிறுத்திப் பார்க்கிறார், கோயிலுக்குப் போய்ப் பார்க்கிறார், மேலதிகாரியிடம் சண்டை போட்டுப் பார்க்கிறார். கை நின்றபாடில்லை. முக்கால்வாசி வந்துவிட்டது.

எனக்கு வார விடுப்பு நாள். அவள் சமையலறை மேடையில் சங்கரா மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துப் படித்துக் காட்டினேன். பாதி வரைக்கும் கழுவிக்கொண்டே கேட்டாள். பிறகு மீனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கை நடுங்கினா குண்டு ஒம்போதுக்குப் போவும், எட்டுக்குப் போவும். அட்டைய உட்டே வெளிய போவுமா? உங்காளு இன்னா குடிச்சிட்டு வந்து சுடறானா?"

"கதைக்குன்னு கொஞ்சம் தூக்கிப் போட்டேன். சரி, உனக்கு எங்க போச்சு?"

"பத்துக்கு."

எனக்குப் புரியவில்லை. பத்து என்பது குறி அட்டையின் நட்ட நடுப்புள்ளி. அதற்குமேல் எதுவும் கிடையாது. பத்துக்குப் போனவள் எப்படித் தோற்பாள்?

"பத்துதான். நட்ட நடுவுல. ஆனா என் அட்டைல இல்ல. பக்கத்துல படுத்திருந்தவ அட்டைல."

மீன் கையோடு நின்றபடியே சொன்னாள். குப்புறப் படுத்துச் சுடுகிற போட்டி அது. வரிசையாக விரிப்புகள், எதிரே ஐம்பது மீட்டரில் வரிசையாக அட்டைகள். ஒவ்வொரு அட்டைக்கும் மேலே ஒரு எண். துப்பாக்கியின் பின்பக்கத்தில் இருக்கும் சின்னத் துளைக்குள் கண்ணை வைத்துவிட்டால் எண் தெரியாது. கருப்பு வட்டம் மட்டும்தான் தெரியும். எல்லா அட்டையிலும் அதே கருப்பு வட்டம். அதனால் கண்ணை வைப்பதற்கு முன் தலையைத் தூக்கி எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் பார்த்தவள்தான் இவள்.

சுட்டு முடித்ததும் துப்பாக்கியைத் திறந்தால் சூடான வெற்றுக் கூடு வலது பக்கம் தெறிக்கும். வலது பக்கத்து விரிப்பில் இருந்த பெண்ணின் முழங்கையில் அது போய் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்தப் பெண் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாள். நடுவர் வந்து, கொஞ்சம் தள்ளிப் படுங்கள் என்று இவளிடம் சொன்னார்.

"தப்பு ஒண்ணும் இல்ல. சுடுது, சொல்றா. நானும் சாரி சொல்லிட்டு பாயை இடது பக்கம் நவுத்திகினு படுத்தேன். அட்டைய சும்மா ஒருவாட்டி பாத்துட்டு படுத்தா போதாதுபா. ஒடம்பு எந்தப் பக்கம் திரும்பிக் கீதோ அந்தப் பக்கம்தான் துப்பாக்கி பாக்கும். நான் நவுந்த வேகத்துல ஒடம்பு வலது பக்கம் சாஞ்சிடுச்சி. மறுபடி எண்ணைப் பாக்காமயே கண்ணை வெச்சா, எதிர்ல கருப்பு. ஆஹா, இவ்ளோ சுகமா அமைஞ்சிடுச்சேன்னு நெனச்சேன். அன்னிக்கு பூரா அவ்ளோ நல்ல குண்டு போவல."

"எப்பத் தெரிஞ்சிது?"

"தொலைநோக்கில என் அட்டைய பாக்கறேன், புதுசா ஓட்டையே இல்ல. பக்கத்து அட்டைய பாக்கறேன், நடுவுல பளிச்சுன்னு ஒண்ணு. நானே கைய தூக்கினேன்."

அந்த அட்டையில் இப்போது ஒரு ஓட்டை அதிகம். எது யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டால், நல்ல ஓட்டைகள் எல்லாம் அட்டைக்குச் சொந்தக்காரருக்கு. விதி அப்படி. இவளுக்குப் பூஜ்யம். இவள் சுட்ட பத்து அந்தப் பெண்ணுக்கு. வேலையும் அந்தப் பெண்ணுக்கே போனது.

"அவ இன்னா சொன்னா?"

"அழுதுட்டா. அக்கா, நான் ஒண்ணும் பண்ணலக்கான்னா. நெஜம்தான். அவ ஒண்ணும் பண்ணல."

இதை ஏன் இத்தனை வருடமாக என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அன்று சாயங்காலமே வீட்டில் சொன்னாளாம். அவள் அம்மா முதலில் முழித்திருக்கிறார். பிறகு முற்றத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, "பக்கத்து வூட்டு ஒலையில அரிசிய கொட்டிட்டு வந்து நான் சோறாக்கிட்டேன்னு சொல்றா பாரு" என்றாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். தோற்றவள் ஏதோ சாக்கு சொல்கிறாள் என்று முடிவு கட்டி, அவர்களாகவே கை நடுங்கியதாக வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது புரிகிற காரணம். பொம்பளைப் பிள்ளை, பெரிய போட்டி, கை நடுங்காதா?

என் மாமியாரின் அந்த வாக்கியம் அருமையான வாக்கியம். வேறு யாரைப் பற்றியாவது சொல்லியிருந்தால் அன்றே எழுதி வைத்திருப்பேன். நல்ல பேச்சுக்கும் பல் உண்டு என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"உன்கிட்டயும் சொல்லி, நீயும் சிரிச்சிட்டேன்னா நான் எங்க போறது?" என்றாள். பிறகு மீன் பக்கம் திரும்பிக்கொண்டு, "எழுதறதுன்னா பத்துன்னு எழுது. நடுங்கிச்சின்னு எழுதறதா இருந்தா என்னை உட்டுடு, வேற ஆள பாரு" என்றாள்.

போலீஸ்காரரைத் தூக்கிப் போட்டேன். அவர் இருந்த இடத்தில் ஒரு பெண் வந்தாள். அடுத்த சில வாரங்கள், எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் பார்க்காத ஒருத்தி வீட்டில் நடமாடினாள். நான் ட்யூட்டி முடிந்து வந்ததும், "இன்னா கண்டக்டரே, இன்னிக்கு இன்னா எழுதின, படி" என்பாள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவது எப்படி, விசையை இழுக்காமல் அது தானாகப் போகும்வரை அழுத்துவது எப்படி, குண்டு போன பிறகும் கண்ணை எடுக்காமல் கிடப்பது எப்படி, எல்லாம் சொன்னாள். ஒருநாள் கூடத்தில் துடைப்பத்தைத் துப்பாக்கியாகப் பிடித்துக் குப்புறப் படுத்து, உடம்பு எப்படிச் சாயும் என்று காட்டிக்கொண்டிருந்தாள். மாடி வீட்டு அம்மா கறிவேப்பிலை கேட்டு வந்தவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கரப்பான் பூச்சியா?" என்றார். "இல்லக்கா, எலி" என்றாள் இவள், கண்ணை எடுக்காமலே.

கதையின் முடிவுதான் கஷ்டமாக இருந்தது. என் பெண்ணுக்கு அந்த நாள் திரும்பத் திரும்ப வருகிறது. ஒருமுறை பாயை நகர்த்த மறுக்கிறாள். பக்கத்துப் பெண்ணின் கையில் கொப்புளம், நடுவர் இவளை வெளியே அனுப்புகிறார். ஒருமுறை எண்ணைப் பார்த்துவிட்டே சுடுகிறாள். ஆனால் பயந்து சுடுவதால் எட்டு. எத்தனை முறை வந்தாலும் பத்து விழுவது அடுத்த அட்டையில் மட்டும்தான். கடைசியில் ஒருநாள் அவள் எதையும் திருத்தப் பார்ப்பதில்லை. நகர்கிறாள், படுக்கிறாள், சுடுகிறாள். எழுந்துபோய் நடுவரிடம், "அந்த பத்து என்னுது" என்கிறாள். அவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "ஆமாம்மா, உன்னுதுதான். ஆனா உனக்கு எழுத முடியாது" என்கிறார். அவ்வளவுதான். மறுநாள் விடிகிறது.

இதைப் படித்துக் காட்டியதும், "அந்த நடுவரு மட்டும் நெஜத்துல அப்டி சொல்லல. அவரு சொல்லியிருந்தா போதும்" என்றாள். நான் மாற்றட்டுமா என்று கேட்டேன். "வேணாம். அது மட்டும் இருக்கட்டும்" என்றாள்.

கம்பெனிக்கு நேரிலேயே போனேன். தம்பி படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"சார், எழுத்து சூப்பர். ஆனா தோத்துட்டு எப்படி சார் லூப் உடையும்? ஜெயிச்சாதானே உடையணும்?"

"அவ பத்து சுட்டுட்டா தம்பி."

"அடுத்தவங்க அட்டைல சார்."

"பத்து பத்துதானே?"

"கேக்கறவங்களுக்கு அது கனெக்ட் ஆவாது சார். கை நடுங்குது, கடைசில நிக்குதுன்னா டக்குனு புரியும்."

நடுக்கம் மட்டும் வரக் கூடாது, அதற்குச் சம்மதம் இல்லையென்றால் கதையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று எழுந்தேன். அவர் என்னைப் பிடித்து உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "சரி சார். உங்க முடிவே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்" என்றார். நல்ல பிள்ளை. அன்று அவர் சொன்னது பொய்யில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். அவளே அம்மாவுக்குப் போன் போட்டாள். "என் கதை வருதும்மா. அன்னிக்கு இன்னா நடந்துச்சோ அது அப்படியே வருது. எல்லாரும் கேளுங்க" என்றாள். மச்சினனிடம் சொல்லிக் குடும்பக் குரூப்பிலும் போடச் சொன்னாள். சொந்தத்தில் யார் கேட்டாலும் எந்த நாள், எப்படிக் கேட்பது என்று விளக்கினாள். அவள் குரலில் அப்படி ஒரு கட்டளையை நான் கேட்டதில்லை.

கதை வந்த அன்று சாயங்காலம் மேடையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு பேரும் கேட்டோம். அவள் கீழே உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் வயலின். பிறகு ஒரு பெண் குரல், அழகான குரல், என் வரிகளையேதான் படித்தது. பாய், கருப்பு வட்டம், பாதி மூச்சு. அவள் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

அப்புறம் நான் எழுதாத ஒரு சத்தம் வந்தது. டப் டப் என்று இதயம் அடிக்கிற சத்தம். "அவள் விரல் நடுங்கியது" என்றது அந்த அழகான குரல்.

ஒவ்வொரு நாளும் நடுங்கியது. வெற்றுக் கூடு இல்லை, பக்கத்துப் பெண் இல்லை, நகர்ந்த பாய் இல்லை. நான் எழுதாத ஒரு காதலன் வந்தான். உன்னை நம்பு என்றான். கடைசி நாளில் அவள் கண்ணை மூடி அவனை நினைத்தாள். கை நின்றது. குண்டு பத்தில் பாய்ந்தது, அவளுடைய சொந்த அட்டையில். கைதட்டல், விசில், மறுபடி வயலின்.

நான் அந்த இடத்திலேயே தம்பிக்குப் போன் போட்டேன். குரலை உயர்த்தித்தான் பேசினேன்.

"சார், நான் சொன்னேன் சார். மேல ஒத்துக்கல. ரெக்கார்டிங்குக்கு முன்னாடி மாத்திட்டாங்க. உங்களுக்கு எப்படி சொல்றதுன்னு தெரியாம... ஆனா கமெண்ட்ஸ் பாருங்க சார். எல்லாரும் அழறாங்க. என் கை நடுக்கமும் இன்னிக்கு நின்னுதுன்னு ஒரு அம்மா போட்டிருக்காங்க சார்" என்றார்.

எடுத்துவிடச் சொன்னேன். எடுக்க முடியாது என்றார். என் பெயரையாவது எடுக்கச் சொன்னேன். கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

"வையி" என்றாள் மனைவி. "போனை வையி. அந்தப் புள்ள இன்னா பண்ணும்?"

"நான் உனக்கு..."

"தெரியும். நீ மாத்தல. வையி."

வைத்த அடுத்த நிமிடமே அவளுடைய போன் அடித்தது. மாமியார். அவள் கையெல்லாம் கத்தரிக்காய்க் கறை. ஸ்பீக்கரில் போடு என்று கண்ணால் சொன்னாள்.

"ஏண்டி, கேட்டேன்டி. உன் தம்பி போட்டுக் குடுத்தான். எனக்கு அழுகையே வந்துடுச்சி." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "இத்தினி வருசம் கழிச்சாவது ஒத்துக்கினியே, கை நடுங்கிச்சின்னு. அத அன்னிக்கே சொல்லியிருந்தா நாங்க இன்னா உன்ன அடிக்கவா போறோம்? அத்த உட்டுட்டு அடுத்தவ அட்டை, அது இதுன்னு. பெத்தவகிட்ட இன்னாடி வெக்கம்?"

நான் போனை நோக்கிக் கையை நீட்டினேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான். அவள் தலையை ஆட்டித் தடுத்தாள். நறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் தள்ளினாள். பிள்ளை பெற்றபோதும், அப்பா போனபோதும், எத்தனையோ கல்யாண வீடுகளிலும் அவர்கள் வற்புறுத்தி வற்புறுத்திக் கேட்டும், ஒருமுறை கூட அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது.

"ஆமாம்மா. நடுங்கிச்சி."

"அவ்ளோதான். உடு. இனிமே அத்த பத்தி யாரும் பேச மாட்டோம்." மாமியாரின் குரலில் உண்மையிலேயே ஒரு நிம்மதி. "நைட்டுக்கு இன்னா பண்ற?"

"கத்திரிக்கா."

"எண்ணெய கொறச்சி ஊத்து, அவருக்கு நெஞ்சு கரிக்கப் போவுது" என்று சொல்லிவிட்டு அவர் வைத்தார். இவள் அரிவாள்மனையைத் தன் பக்கம் இழுத்து, மிச்சக் காயை நறுக்க ஆரம்பித்தாள்.